மழைக்காட்டுப் பறவைகளைப் படமெடுத்துப் பெயர் காண்பது எப்படி: வால்பாறைப் பயணத்துக்கான முழு வழிகாட்டி

ஏரிக்கரையில் பறவை பார்த்துப் பழகியவர்களுக்கு மழைக்காடு முதலில் திணறலாகத்தான் இருக்கும். வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரை கூட்டில் நிற்கும்போது ஆற அமர ஃபோகஸ் பார்த்து எடுக்கலாம். ஆனைமலைக் காட்டில் அதற்கு நேரமே கிடைக்காது. முப்பது மீட்டர் உயர மரத்தின் உச்சியில், வெளுத்த வானத்துக்கு எதிரே ஒரு கறுத்த உருவம் இரண்டு மூன்று நொடி அசையும், பிறகு இலைக்குள் போய்விடும். குரல் மட்டும் நாலா பக்கமும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அதனால் இங்கே படம் எடுப்பதையும் பெயர் கண்டுபிடிப்பதையும் ஒரே வேலையாகப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். முதல் படம் பெயருக்கு, அழகான படம் அதற்கு அப்புறம். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த வரிசையை ஒட்டித்தான் வருகிறது. எடுத்துக்காட்டுக்கு வால்பாறையை எடுத்துக்கொண்டேன்.

ஏன் வால்பாறை, எப்போது போவது

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி. தேயிலை, காபித் தோட்டங்களுக்கு நடுவே மழைக்காட்டுத் துண்டுகள் அங்கங்கே மிஞ்சியிருக்கின்றன, சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். அந்தத் துண்டுகளில் சிலவற்றை இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தோட்ட நிர்வாகங்களோடு சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மீட்டு வளர்த்து வருகிறார்கள். தோட்டத்துச் சாலையோரமே இருவாச்சியைப் பார்க்க முடிவது சின்ன விஷயமில்லை.

படம் எடுப்பவருக்கு இந்த ஊர் தரும் பெரிய வசதி இன்னொன்று உண்டு. சாலைகள் மலைச்சரிவில் போகின்றன. பள்ளத்தில் வேர்விட்ட மரத்தின் உச்சி, சாலையில் நிற்பவரின் கண்மட்டத்துக்கு வந்துவிடும். சமதளக் காட்டில் கழுத்தை ஒடித்து அண்ணாந்து பார்க்க வேண்டிய பறவைகள் இங்கே நேருக்கு நேர் கிடைக்கும். அதனால் காட்டுக்குள் நுழைவதை விட, இப்படிப்பட்ட சரிவோரச் சாலை வளைவுகளைத் தேடிப் பிடித்து நிற்பதே மேல்.

டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வடக்கிலிருந்து வலசை வந்த கதிர்க்குருவிகளும் ஈப்பிடிப்பான்களும் இருக்கும், அட்டைத் தொல்லை குறைவு. ஜனவரியை ஒட்டி முள்முருங்கையும் இலவமும் பூக்கத் தொடங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும்; அப்போது கேமராவைக் காப்பாற்றுவதே முழுநேர வேலையாகிவிடும்.

மேலே போகும் அவசரத்தில் ஆழியாற்றைத் தாண்டி ஓடிவிட வேண்டாம். அடிவாரத்தின் வறண்ட புதர்க்காடும், பாதி வழியில் இருக்கும் அட்டகட்டியும், மேலே இருக்கும் பீடபூமியும் மூன்று வெவ்வேறு பறவைப் பட்டியல்களைத் தரும். எந்த உயரத்தில் பார்த்தீர்கள் என்பதைக் குறித்து வைப்பது, பிறகு பெயர் கண்டுபிடிக்கும்போது பாதி வேலையை முடித்துவிடும்.

முதல் படி: கிளம்புமுன் காதைத் தயார் செய்யுங்கள்

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இ-பேர்டு தளத்தில் வால்பாறைப் பகுதியைத் தேடினால், நீங்கள் போகும் மாதத்தில் அங்கே பதிவான பறவைகளின் பட்டியல் கிடைக்கும். அதில் அடிக்கடி பதிவாகும் முப்பது பறவைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றின் குரல்களைத் தினமும் கேளுங்கள். முந்நூறு பறவைகளின் படத்தைப் புரட்டுவதைவிட இது அதிகம் உதவும், ஏனென்றால் மழைக்காட்டில் பத்தில் எட்டுப் பறவைகளைக் காதுதான் முதலில் கண்டுபிடிக்கும்.

வெண்கன்னக் குக்குறுவானில் ஆரம்பியுங்கள். நாள் முழுக்க ‘குட்ரூ குட்ரூ’ என்று கத்திக்கொண்டே இருக்கும். அந்தக் குரலைப் பிரித்துத் தள்ளிவிடப் பழகினால்தான் அதற்கு அடியில் கேட்கும் மற்ற குரல்கள் புலப்படும். சீகாரப் பூங்குருவி விடியலில் ஓடைப் பக்கமிருந்து மனிதர் சீட்டியடிப்பதைப் போலவே பாடும். மலபார் சாம்பல் இருவாச்சி கரகரத்த குரலில் சிரிக்கும். பெரிய இருவாச்சிக்குக் குரலே தேவையில்லை. பறந்து வரும்போது இறக்கையடிக்கும் ஓசை தூரத்திலேயே கேட்டுவிடும், கேமராவை உயர்த்த உங்களுக்குச் சில நொடிகள் கிடைக்கும்.

குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும், கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியை இந்தியத் தொகுப்போடு முன்பே இறக்கி வையுங்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது.

இரண்டாம் படி: பையில் என்ன இருக்க வேண்டும்

பைனாகுலர் முதலில், கேமரா அடுத்தது. 8×42 அளவு போதும். 10 மடங்குப் பெருக்கம் இருட்டான காட்டில் கை நடுக்கத்தைத்தான் பெருக்கிக் காட்டும்.

லென்ஸ் 400 மில்லிமீட்டராவது இருந்தால் நல்லது. 100–400, 150–600 வகை ஜூம் லென்ஸ்களையே பெரும்பாலோர் கொண்டுவருகிறார்கள். பெரிய ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமராவும் பெயர் கண்டுபிடிக்கத் தாராளமாகப் போதும், அதை யாரும் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. சாலையோரத்தில் மூன்றுகால் ஸ்டாண்டை விரித்து வைக்க நேரமிருக்காது, ஒற்றைக்கால் மோனோபாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈரம்தான் இங்கே கேமராவுக்கு எதிரி. பையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வையுங்கள். பொள்ளாச்சியிலிருந்து ஏசி காரில் வந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படரும். மூடிய பையிலேயே அரைமணி நேரம் விட்டுவிட்டு எடுங்கள். அட்டைக்கு முழங்கால் வரை இழுத்துக் கட்டும் துணி உறை, மங்கலான பச்சை அல்லது பழுப்புச் சட்டை, சின்னக் குறிப்பேடு, பென்சில். பென்சில் என்று சொல்லக் காரணம், ஈரத்தாளில் பேனா எழுதாது.

மூன்றாம் படி: கேமராவை இருட்டுக்குத் தயார் செய்வது

காலை ஆறரைக்குச் சூரியன் உதித்தாலும் மரநிழலுக்குள் வெளிச்சம் வர எட்டு மணியாகும். ஆகவே முதல் ஒன்றரை மணிநேரத்தைத் தேயிலைத் தோட்ட ஓரத்திலும், திறந்த சாலையிலும் செலவிடுங்கள். பிறகு நிழலுக்குள் போங்கள்.

லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை முழுதாகத் திறந்துவிடுங்கள். உங்கள் லென்ஸ் அனுமதிக்கும் 5.6 அல்லது 6.3. கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/250 வரை இறங்கலாம், லென்ஸில் அதிர்வு குறைக்கும் வசதி இருந்தால். அப்படி இறங்கும்போது பர்ஸ்டில், அதாவது விடாமல் தொடர்ச்சியாக, எட்டுப் பத்துப் படங்கள் சேர்த்து எடுங்கள், ஒன்றிரண்டாவது கூர்மையாக விழும். பறக்கும் இருவாச்சிக்கு 1/1250 போதும், அது மெதுவாகத்தான் இறக்கையடிக்கும். தேன்சிட்டுக்கு 1/2000க்குக் குறைய வேண்டாம்.

கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு, உச்சவரம்பை 6400 என்று வையுங்கள். ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் புள்ளி விழும். புள்ளி விழுந்த படத்திலிருந்து பறவையின் பெயரைச் சொல்லிவிடலாம். அசைந்து கலங்கிய படத்திலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. ஐஎஸ்ஓ ஏறுமே என்று பயந்து ஷட்டர் வேகத்தைக் குறைப்பவர்கள் தப்பான இடத்தில் சிக்கனம் பிடிக்கிறார்கள்.

வானம் பின்னணியாக இருந்தால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 முதல் +2 வரை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் மின்சிட்டும் மாங்குயிலும்கூட நிழலுருவமாகத்தான் விழும். வானம் முழு வெள்ளையாக எரிந்து போகும், போகட்டும். ஃபோகஸுக்கு ஒற்றைப் புள்ளி அல்லது மிகச் சிறிய கட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். பறவைக் கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்கும் புதிய கேமராக்களும் இலை, கொடி, கிளை குறுக்கே வந்தால் தடுமாறும். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் ரா வடிவில் எடுங்கள், இலைகளில் பட்டுத் தெறிக்கும் பச்சை ஒளியைப் பிறகு சரிசெய்ய அதுதான் வழி.

நான்காம் படி: பறவையைத் தேடி ஓடாமல் மரத்தைத் தேடி நிற்பது

காய்த்த அத்தி அல்லது ஆல்மரம் ஒன்று கண்ணில் பட்டால் அன்றைய காலைப் பொழுதை அதற்கே கொடுத்துவிடலாம். இருவாச்சி, குக்குறுவான், பச்சைப்புறா, மலை மைனா எல்லாம் தாமாகவே வரும். பூத்த முள்முருங்கையில் தேன்சிட்டுகளும் கரிச்சான்களும் மைனாக்களும் மாறிமாறி வரும். காபித் தோட்டங்களில் நிழலுக்காக விட்டு வைத்த காட்டுமரங்களே இவற்றுக்குப் பெரிய ஆதரவு. வரிசையாக நட்ட சில்வர் ஓக்குகளில் இவ்வளவு கூட்டம் இருக்காது.

அடுத்தது கலப்புக் கூட்டம். காட்டில் அரைமணி நேரம் ஒன்றுமே இருக்காது. திடீரென்று மின்சிட்டு, கதிர்க்குருவி, ஈப்பிடிப்பான், மரங்கொத்தி என்று பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் ஒன்றாக மரத்துக்கு மரம் தாவி இரைதேடிக்கொண்டு வரும். துடுப்புவால் கரிச்சானின் சத்தம் கேட்டால் பெரும்பாலும் பின்னாலேயே கூட்டம் இருக்கும். அப்போது கூட்டத்தைத் துரத்தக் கூடாது. அது போகும் திசையைப் பார்த்து, முன்னால் இருக்கும் ஒரு திறப்பில் போய் அசையாமல் நில்லுங்கள். கூட்டம் உங்களைக் கடந்து போகும் சில நிமிடங்களில் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு படம் என்ற கணக்கோடு எடுங்கள். ஒரே மின்சிட்டை ஐம்பது படம் எடுத்துவிட்டு மற்றவற்றை விடுவது இங்கே வழக்கமாக நடக்கும் இழப்பு.

தீக்காக்கை இந்தக் கூட்டங்களோடு வருவதுண்டு. ஆனால் அது நடுக்கிளையில் சிலைமாதிரி உட்கார்ந்துவிடும். ஆணின் வயிறு நல்ல சிவப்பு, மார்பில் வெள்ளைப் பட்டை. பெண் பழுப்பும் மங்கிய மஞ்சளும் கலந்தது. ஆளைப் பார்த்தால் முதுகைத் திருப்பிக்கொள்ளும், அப்போது கண்ணில் படவே படாது. கிளைகளைப் படிப்படியாக, கீழிருந்து மேலாக, பைனாகுலரால் துழாவுங்கள்.

சாலையில் முன்னால் இறங்கி நடக்கும் மரகதப் புறா, தமிழ்நாட்டின் மாநிலப் பறவை. வண்டியை அணைத்துவிட்டு உள்ளிருந்தே எடுங்கள். கதவு திறந்த சத்தத்தில் பறந்துவிடும்.

ஐந்தாம் படி: எந்த வரிசையில் எடுப்பது

பறவை தெரிந்த நொடியில், எவ்வளவு மறைந்திருந்தாலும், ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு ஃபோகஸைச் சரிசெய்யுங்கள். அதற்கப்புறம் பக்கவாட்டில் முழு உடம்பு, தலையும் அலகும், முதுகும் மூடிய இறக்கையும், வாலின் அடிப்புறம். கீழிருந்து பார்க்கும் காட்டில் வாலடிதான் எளிதில் கிடைக்கும், பலர் அதைக் கழித்துவிடுகிறார்கள். ஆனால் சிறு பறவைகளைப் பிரிக்க வாலடி நிறமும் வெள்ளைத் திட்டுகளும் மிகவும் உதவும்.

கடைசியாக ஜூமைக் குறைத்து, மரத்தோடு ஒரு படம். பருமனை மதிப்பிட இலையும் கிளையும் அளவுகோலாகும், எந்த உயரத்தில் இருந்தது என்பதும் பதிவாகிவிடும். பறவை கூப்பிட்டுக்கொண்டிருந்தால் படத்தை விட்டுவிட்டு இருபது நொடி வீடியோ எடுங்கள். படம் மங்கலாக இருந்தாலும் குரலும் நடத்தையும் அதில் இருக்கும்.

நிறத்தை உடனே நம்பிவிட வேண்டாம். இறகின் நீலம் பெரும்பாலும் சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால்தான் நீலமாகத் தெரிகிறது. நிழலில் சீகாரப் பூங்குருவி முழுக் கறுப்பாகவே தெரியும், வெயில் பட்டால்தான் தோளும் நெற்றியும் நீலமாக மின்னும். தேன்சிட்டின் தொண்டையும் அப்படியே, கோணம் மாறினால் கறுத்துவிடும். குறிப்பேட்டில் முதலில் உருவம், அலகு, வால் நீளம், உட்காரும் விதம். நிறம் அதற்குப் பின்.

ஆறாம் படி: குழப்பும் பறவைகளைப் பிரிப்பது

பெரிய இருவாச்சியைத் தவறவிடுவது கடினம். ஆணா பெண்ணா என்பதற்குக் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள்: ஆணுக்குச் சிவப்பு விழி, பெண்ணுக்கு வெளிறிய வெள்ளை. மலபார் சாம்பல் இருவாச்சிக்கு அலகின் மேல் கொண்டை கிடையாது. ஆணின் அலகு செம்மஞ்சள், பெண்ணின் அலகு மஞ்சள்.

நீல ஈப்பிடிப்பான்கள்தான் வால்பாறையில் அதிகம் குழப்புபவை. உடல் முழுக்க ஒரே பச்சை கலந்த வெளிர்நீலமாக, கண்ணுக்கும் அலகுக்கும் இடையே கறுப்புத் திட்டு இருந்தால் அது குளிர்காலத்தில் வரும் நீலமேனி ஈப்பிடிப்பான். அடர்நீலமாக, வாலின் அடியில் சிறு வெள்ளைத் திட்டுகளோடு இருந்தால் இங்கேயே வாழும் நீலகிரி ஈப்பிடிப்பான். நெஞ்சு செம்மஞ்சளாக, வயிறு வெளுப்பாக இருந்தால் டிக்கெல் நீல ஈப்பிடிப்பான். நெஞ்சும் நீலம், வயிறு மட்டும் வெள்ளை என்றால் வெண்வயிற்று நீல ஈப்பிடிப்பானின் ஆண். அதன் பெண்ணுக்குத் தொண்டையில் செம்மஞ்சள் வரும், ஆகவே டிக்கெல் என்று எழுதுமுன் முதுகுப் படத்தையும் பாருங்கள். பெண்ணின் முதுகு பழுப்பு.

கரிச்சான்களில் சாம்பல் கரிச்சானுக்கு ரத்தச் சிவப்புக் கண், மொட்டைக் கிளை உச்சியில் உட்காரும், குளிர்கால விருந்தாளி. துடுப்புவால் கரிச்சானுக்கு இறகு உதிரும் காலத்தில் துடுப்பு இல்லாமலும் போகும், அப்போது நெற்றியில் சிலிர்த்து நிற்கும் குடுமியைப் பாருங்கள். இந்தப் பறவை மற்ற பறவைகளின் குரலை அப்படியே திருப்பிச் சொல்லும். மெர்லின் ஒரே இடத்தில் கொண்டைப் பாம்புக் கழுகு, வல்லூறு, குக்குறுவான் என்று அடுத்தடுத்துக் காட்டினால் சந்தேகப்படுங்கள். செயலி சொன்ன பெயரைக் கண்ணாலோ, தெளிவான பதிவாலோ உறுதி செய்யாமல் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

இனி பச்சைக் கதிர்க்குருவிகள். வலசை வரும் கதிர்க்குருவிகளில் சிலவற்றை நல்ல படம் இருந்தாலும் பிரிக்க முடியாது. நெருங்கிய இரண்டு இனங்களில் ஒன்று இரண்டு அசையில் கூப்பிடும், இன்னொன்றின் கூப்பாடு மூன்று அசையாக நீளும். போனில் குரலைப் பதியுங்கள், கிடைக்காவிட்டால் ‘கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். அது முழுமையான, நேர்மையான பதிவுதான்.

சில பறவைகளுக்கு ஊரே விடை சொல்லிவிடும். பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையை வெட்டிப் பிரிக்கிறது, சோலைக்காட்டின் சிறு பறவைகள் அதைத் தாண்டிப் பரவவில்லை. நீலகிரியில் பார்க்கும் சிரிப்பான் வேறு இனம், கொடைக்கானலிலும் மூணாறிலும் பார்க்கும் பழனி சிரிப்பான் வேறு இனம். மரபணு ஆய்வுக்குப் பிறகு 2017இல் இவற்றுக்கும் சோலைக்கிளிகளுக்கும் (பெயரில் கிளி இருந்தாலும் இவை கிளிகள் அல்ல, சோலைக்காட்டின் சிறு பறவைகள்) தனித்தனிப் பேரினங்களே உருவாக்கப்பட்டன. கையேட்டின் பரவல் வரைபடத்தைப் பார்க்காமல் படத்தை மட்டும் ஒப்பிட்டால் இந்த இடத்தில் தவறும்.

ஏழாம் படி: பறவைக்கும் உங்களுக்கும் பாதுகாப்பு

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தன் எல்லைக்குள் போட்டி வந்துவிட்டது என்று அது இரையையும் குஞ்சையும் விட்டு ஓடிவரும். இருவாச்சிக் கூட்டுக்குக் கீழே நிற்பது அதைவிட மோசம். ஜனவரி வாக்கில் பெண் மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும். வாசலில் சின்னப் பிளவு மட்டும் இருக்கும், அதன் வழியே ஆண் கொண்டுவரும் பழம்தான் அதற்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. ஆள் நின்றால் ஆண் வரத் தயங்கும், உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். எவ்வளவு நல்ல படம் கிடைத்தாலும் அதற்கு இது ஈடாகாது.

கேரளத்தில் தட்டேக்காடு பக்கம் போனால் வழிகாட்டிகள் தவளைவாயன் என்ற இரவுப் பறவையின் பகல் உறைவிடத்தைக் காட்டுவார்கள். ஃபிளாஷ் இல்லாமல், இலையை ஒதுக்காமல், ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டு நகருங்கள்.

வால்பாறையில் யானை, காட்டுமாடு, சிறுத்தை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே நடமாடும். விடியலிலும் மாலையிலும் தனியாக நடக்க வேண்டாம். யானை பக்கத்தில் இருந்தால் எரியும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகள் பல இடங்களில் உண்டு. அவை எங்கே இருக்கின்றன என்று தங்குமிடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகத்திடமும், காட்டுக்குள் நுழைய வனத்துறையிடமும் அனுமதி வேண்டும். தேயிலை பறிக்கும் அக்காமாரிடம் காலையில் ஒரு வார்த்தை பேசுங்கள். யானை எந்தப் பக்கம் போனது, எந்த மரம் பழுத்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

எட்டாம் படி: அன்றன்றைக்கே பதிவு

நடக்கத் தொடங்கும்போதே இ-பேர்டு செயலியில் பட்டியலைத் திறந்துவிடுங்கள். நேரம், தூரம், எண்ணிக்கை, கண்டவை கேட்டவை எல்லாவற்றையும் சேர்த்த முழுப் பட்டியல்தான் ஆய்வாளர்களுக்குப் பயன்படும். அரிய பறவைகளை மட்டும் எழுதிவிட்டுக் கொண்டைக்குருவியை விட்டுவிடாதீர்கள். ஜனவரியில் போகிறவர்கள் 2015இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் சேர்ந்துகொள்ளலாம்.

இரவில் படங்களை இறக்கும்போது மூன்று கோப்புறைகளாகப் பிரியுங்கள்: பெயர் உறுதியானவை, சந்தேகமானவை, அழகுக்காக வைத்துக்கொள்பவை. சந்தேகக் கோப்புறையில் இருப்பவற்றை அன்றே குறிப்பேட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டு நாள் போனால் அந்தக் குரல் நினைவில் இருக்காது. இ-பேர்டில் பதிவேற்றும் படம் கலங்கியிருந்தாலும் பரவாயில்லை, அடையாளம் தெரிந்தால் போதும். எந்தக் குறிகளை வைத்து முடிவு செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள், சரிபார்ப்பவர் கேள்வி கேட்டால் கோபப்படாமல் மற்ற கோணப் படங்களையும் சேர்த்துக் கொடுங்கள். கூடு, உறைவிடம் இருக்கும் படங்களைச் சமூக ஊடகத்தில் போடுமுன் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள், ‘எந்த எஸ்டேட்’ என்று யார் கேட்டாலும் வால்பாறை என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.